முதல் பாய்மரக் கப்பல் மாதிரி: எந்தக் கலத்தைத் தேர்வது, எந்த மரத்தில் கட்டுவது?

கேள்வி: மண்டபம் வாசி

அனைவருக்கும் வணக்கம். மரத்தில் நுணுக்கமான பாய்மரக் கப்பல் மாதிரி ஒன்றைக் கட்ட வேண்டும் என்பது எனது நெடுநாள் ஆசை. பணி ஓய்வு பெற்றுவிட்டதால் இப்போது நேரமும் இருக்கிறது. வீட்டின் பின்கட்டில் ஒரு மேசை போட்டுக்கொள்ள இடமும் இருக்கிறது. கதவு, நாற்காலி பழுது பார்க்கும் அளவுக்குத் தச்சுக் கருவிகள் கைக்குப் பழக்கம். ஆனால் சிறிய அளவில் நுணுக்க வேலை செய்ததில்லை.

மூன்று கலங்கள் மனத்தில் உள்ளன. முதலாவது, பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டப்பட்டு 1817இல் நீரில் இறக்கப்பட்ட டிரிங்கோமலி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல். நம் கரைக்கு எதிரே இருக்கும் திருகோணமலையின் பெயரைத் தாங்கியது என்பதாலும், இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது என்பதாலும் அதன்மேல் எனக்குத் தனி ஈர்ப்பு உண்டு. இரண்டாவது, அழகன்குளம் அகழாய்வில் கிடைத்த பானை ஓட்டில் கீறப்பட்டிருக்கும் பழங்காலக் கப்பல். மூன்றாவது, எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பாய் விரித்து ஓட்டிய வத்தை என்னும் மீன்பிடி மரக்கலம்.

இவற்றில் எதை முதலில் எடுக்கலாம்? இராமநாதபுரம் பக்கத்தில் கிடைக்கும் மரங்களில் எவை இதற்கு உதவும்? எங்கள் வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பதால் உப்புக் காற்றில் மாதிரி எத்தனை காலம் தாங்கும் என்ற கவலையும் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: தொண்டிக் கரை

ஐயா, வணக்கம். மூன்றும் நல்ல கலங்கள்தாம்; ஆனால் மூன்றும் கேட்கும் உழைப்பு வேறு வேறு.

டிரிங்கோமலி சதுரப் பாய்கள் கொண்ட மூன்று பாய்மரக் கப்பல். அதன் பீரங்கித் தளத்தின் நீளம் சுமார் 46 மீட்டர். 1:64 அளவில் கட்டினால் உடல் மட்டும் 72 சென்டிமீட்டர் வரும். முன்னால் நீளும் கொம்பு மரத்தையும் சேர்த்தால் ஒரு மீட்டரைத் தாண்டிவிடும். 1:96 அளவில் உடல் 48 சென்டிமீட்டருக்குள் அடங்கும். மேசையில் வைப்பதற்கு அது வசதிதான் என்றாலும், அந்த அளவில் ஒவ்வொரு கப்பியும் கடுகு, மிளகு அளவுக்குச் சுருங்கிவிடும். அப்படி நூற்றுக்கணக்கில் செய்து, துளையிட்டு, நூல் கோக்க வேண்டும். அந்தக் கப்பலுக்கே வரைபடம் கிடைப்பது எளிதாக இருக்கவில்லை. பம்பாய்க்கு அனுப்பப்பட்ட படங்கள் ஜாவா என்ற கப்பலில் இருந்தன. 1812இல் அமெரிக்காவின் கான்ஸ்டிடியூஷன் என்ற போர்க்கப்பல் அந்தக் கப்பலைப் பிடித்துவிட்டதால் மீண்டும் படங்கள் அனுப்பும்வரை வேலை தாமதமாயிற்று. இன்று நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. அது லீடா வகையைச் சேர்ந்த கப்பல். அந்த வகையின் உடல் கோட்டு வரைபடங்கள் அச்சில் கிடைக்கின்றன.

ஆகவே எனது கருத்து, முதலில் ஒரு சிறிய கிட் (பாகங்களைப் பெட்டியில் போட்டு விற்கும் மாதிரித் தொகுப்பு) வாங்கிக் கட்டுங்கள் என்பதே. ஒன்று அல்லது இரண்டு பாய்மரம் உள்ள கலமாக இருக்கட்டும். இத்தாலியின் அமாட்டி, மந்துவா, ஸ்பெயினின் ஆக்ரே போன்ற நிறுவனங்களின் கிட்களில் நடுச்சட்டமும், அதன் குறுக்கே நின்று உடலுக்கு வடிவம் தரும் குறுக்குத் தட்டிகளும் இயந்திரத்தில் வெட்டப்பட்டே வரும். அதில் நீங்கள் கற்க வேண்டியது ஒன்றே ஒன்று: குறுக்குத் தட்டிகளின் விளிம்புகளைப் பலகை படியும்படி சரித்துத் தேய்ப்பது. பெட்டியில் இருந்து எடுத்த தட்டியின் விளிம்பு செங்குத்தாக வெட்டப்பட்டிருக்கும். அணியத்திலும் (முன்முனை) அமரத்திலும் (பின்முனை) உடல் வளைந்து குறுகுவதால், அங்கே பலகை தட்டியின் ஒரு முனையில் மட்டும் தொட்டு நிற்கும். அப்படியே ஒட்டினால் இரண்டு தட்டிகளுக்கு இடையில் பலகை உள்வாங்கும். பிறகு எவ்வளவு உப்புத்தாள் போட்டாலும் அந்தப் பள்ளம் மறையாது.

ஒரே கனமுள்ள மெல்லிய மூங்கில் பிளாச்சு ஒன்றை எடுத்து, அணியத்திலிருந்து அமரம் வரை தட்டிகளின்மேல் வளைத்துப் பிடித்துப் பாருங்கள். பிளாச்சு ஒவ்வொரு தட்டியையும் விளிம்பின் முழு அகலத்திலும் தொட வேண்டும். தொடாத தட்டியில் மெல்லிய மரச்சீவல் ஒட்டி உயர்த்துங்கள். மேடான தட்டியைத் தேயுங்கள். மேல்தளத்தின் ஓரம், நீர்மட்டம், ஏராவுக்கு (அடிமரத்துக்கு) அருகே என்று பிளாச்சை எங்கே வைத்தாலும் அது இயல்பாக வளைந்து படியும்வரை முதல் பலகையைத் தொடவே வேண்டாம். உடலுக்கென்று நீங்கள் செலவிடும் நேரத்தில் பாதி இதற்கே போனாலும் அது வீண் இல்லை.

பதில்: ஓடாவி பேரன், கீழக்கரை

மண்டபம் ஐயாவுக்கும் தொண்டி நண்பருக்கும் வணக்கம். தட்டியைத் தேய்ப்பது பற்றி அவர் சொன்னது முழுக்க உண்மை. ஆனால் கிட்டில் தொடங்க வேண்டும் என்பதில் நான் மாறுபடுகிறேன். தச்சுக் கருவி பிடித்த கைக்கு, தொட்டுப் பார்க்க முடிந்த கலமே முதல் பாடமாக இருக்க வேண்டும். ஹார்ட்டில்பூலுக்குப் போய் ஒரு மூட்டு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வர நம்மால் இயலாது. வத்தையும் வள்ளமும் நம் கரையிலேயே இருக்கின்றன. இப்போது கடலுக்குப் போகிறவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள் என்பது உண்மைதான். ஆயினும் மணலில் ஏற்றிவைத்த பழைய மரக் கலங்கள் இன்னும் ஆங்காங்கே கிடக்கின்றன. பலகை பிரிந்து வங்குக்கால் (பலகையைத் தாங்கும் விலாச்சட்டம்) வெளியே தெரிகிற பழைய கலம் கிடைத்தால் அதைவிட நல்ல வரைபடம் வேறில்லை.

அழகன்குளத்து ஓட்டைப் பற்றி ஒரு சொல். அந்தக் கீறல் நமக்குப் பெரிய செல்வம். அதை ரோமானியர்களின் பெரிய மூன்று பாய்மரக் கப்பல் என்று அறிஞர் லயனல் காசன் அடையாளம் கண்டார். ஆனால் பாய்மரமும் கயிறும் காட்டுகிற ஒரு பக்கத் தோற்றத்தை வைத்து நீருக்கு அடியில் உள்ள உடலின் அகலத்தையும் வளைவையும் அறிய முடியாது. அதைக் கட்ட விரும்புகிறவர் மத்தியதரைக் கடலில் கிடைத்த சிதைவுகளின் அளவுகளைக் கொண்டுதான் மீதியை நிரப்ப வேண்டியிருக்கும். நீங்கள் நாலைந்து கலங்கள் கட்டிய பிறகு அதை எடுத்தால் அதற்குரிய நியாயம் செய்ய முடியும்.

வத்தைக்கு வருவோம். ஆழம் குறைந்த பாக் நீரிணையில் ஓடுவதற்காகவே உருவான கலம் அது. காற்று பலமாக அடிக்கும்போது, காற்று வரும் பக்கம் ஒரு நீண்ட பலகையை வெளியே நீட்டி, அதன்மேல் ஆட்கள் ஏறி நின்று கலம் சாயாமல் காப்பார்கள். சென்னை மாகாணத்தின் மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வகைகளைப் பற்றி 1920இல் வெளியிட்ட ஆய்வில் இந்தக் கரையின் கலங்களையும் இந்தச் சமநிலைப் பலகையையும் பதிவு செய்திருக்கிறார். உலகின் மாதிரிக் கூடங்களில் விக்டரி கப்பலும் கட்டி சார்க் கப்பலும் எண்ணற்று இருக்கின்றன. வத்தையை அளவெடுத்துச் செய்த மாதிரியைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அதனால் நீங்கள் கட்டுவது அலங்காரப் பொருளாக மட்டும் நில்லாமல் ஓர் ஆவணமாகவும் ஆகும்.

அளவெடுக்கும் முறையைச் சொல்கிறேன். உரியவரிடம் முதலில் அனுமதி கேளுங்கள். வலை சரிபார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் போனால் நின்று பேசுவார்கள், பாகங்களின் பெயரையும் சொல்வார்கள். கலம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் முட்டுக் கொடுத்து நிமிர்த்திக்கொள்ள வேண்டும். அணியத்திலிருந்து அமரம் வரை நடுவில் ஒரு நூல் கட்டுங்கள். கொத்தனார் பயன்படுத்தும் நீர்மட்டக் குழாயால் அதை மட்டம் பாருங்கள். அந்த நூலில் அரை மீட்டருக்கு ஒரு குறி வையுங்கள். ஒவ்வொரு குறிக்கும் நேராகக் கலத்தின் பக்கவாட்டில் ஒரு சட்டத்தைச் செங்குத்தாக நிறுத்தி, தூக்குக்குண்டால் சரிபார்த்து, அந்தச் சட்டத்திலிருந்து பலகைவரை உள்ள இடைவெளியை ஒரு சாண் உயரத்துக்கு ஒருமுறை அளந்து எழுதுங்கள். சட்டத்துக்கும் நடுநூலுக்கும் உள்ள தூரத்திலிருந்து அந்த இடைவெளியைக் கழித்தால் அந்த இடத்தின் அரை அகலம் கிடைத்துவிடும். ஒரு பக்கம் மட்டும் அளந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். பழைய கலங்கள் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. இரண்டையும் அளந்து, எது கட்டியபோது இருந்த வளைவு, எது பிறகு வந்த தொய்வு என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

அளவு 1:24 என்று வைத்துக்கொள்ளலாம். 9 மீட்டர் கலம் அதில் 37.5 சென்டிமீட்டர் வரும். ஆணித்தலை, வங்கின் கனம், பலகை மூட்டு ஆகியவற்றைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்யலாம். கைக்கும் அடக்கமாக இருக்கும்.

மரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தேக்கு அரிய மரம்தான், ஆனால் அதன் இழைத் துளைகள் பெரியவை. சிறிய அளவில் அந்தத் துளைகள் விரல் நுழையும் பிளவுகளாகத் தோன்றும். பலகைக்கு மஞ்சக்கடம்பை எடுங்கள். இழை நெருக்கமானது, மஞ்சள் நிறம் ஒரே சீராக இருக்கும், கத்திக்கு நன்றாகப் படியும். பழைய வீட்டுச் சாமான்கள் விற்கும் கடைகளில் அந்த மரத்தில் செய்த பொருள்கள் கிடைத்தால் அவை பல ஆண்டுகள் காய்ந்தவை என்பதால் இன்னும் நல்லது. ஏராவுக்கும் வங்குக்காலுக்கும், யாரும் மதிக்காத சீமைக்கருவேலத்தைச் சொல்வேன். நம் மாவட்டத்தில் கரிமூட்டத்துக்குப் போகும் அந்த மரம் கடினமானது, நிறம் ஆழ்ந்த செம்பழுப்பு; எல்லாவற்றையும்விட முக்கியமாக, காயும்போது மிகக் குறைவாகவே சுருங்கும். நேரான நீளத் துண்டு கிடைக்காதே என்று சிலர் ஒதுக்குவார்கள். வங்குக்காலுக்கு நேரான துண்டு தேவையே இல்லை. கலம் கட்டும் ஓடாவி, இயல்பாக வளைந்த கிளையைத் தேடிப் பிடித்துத்தான் வங்கு வெட்டுவார். இழை வளைவோடு போவதால் அது உடையாது. நீங்களும் சுள்ளிக் கட்டில் உங்கள் வங்குக்கு ஏற்ற வளைவைத் தேடுங்கள். வெட்டிய உடனே பயன்படுத்தாமல், முனைகளில் மெழுகு பூசி நிழலில் உலரவிட்டு எடுங்கள்.

மீண்டும்: மண்டபம் வாசி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் ஊருக்கு அருகிலேயே மணலில் ஏற்றி வைத்த பழைய வத்தை ஒன்று இருக்கிறது. உரியவரும் அளவெடுக்க இசைந்துவிட்டார். ஆகவே 1:24 அளவில் வத்தையையே எடுக்கிறேன். டிரிங்கோமலி காத்திருக்கட்டும்.

இப்போது இரண்டு ஐயங்கள். அணியத்தில் பலகைகள் எல்லாம் நெருங்கி வந்து முட்டுகின்றனவே, அவற்றின் அகலத்தை எப்படிக் கணக்கிடுவது? காய்ந்த பலகையை அவ்வளவு வளைத்தால் முறியாதா? உப்புக் காற்றைப் பற்றிய கேள்விக்கும் விடை எதிர்பார்க்கிறேன்.

பதில்: தொண்டிக் கரை

வத்தையைத் தேர்ந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஓடாவி பேரன் சொன்ன காரணம் எனது காரணத்தைவிட வலுவானது.

பலகையின் அகலத்துக்கு ஒரு காகிதக் கீற்று போதும். நடு வங்கின்மேல், மேல் விளிம்பிலிருந்து ஏரா வரை கீற்றை ஒட்டிப் படியவைத்து நீளத்தைக் குறியுங்கள். அது 144 மில்லிமீட்டர் வருகிறது, உங்கள் பலகை 6 மில்லிமீட்டர் என்றால், பக்கத்துக்கு 24 பலகைகள். இப்போது அதே கீற்றை அணியத்தருகே உள்ள வங்கில் வையுங்கள். அங்கே 84 மில்லிமீட்டர்தான் வருகிறது என்று கொண்டால், அதே 24 பலகைகளும் அங்கே 3.5 மில்லிமீட்டராகக் குறுக வேண்டும். இப்படி ஒவ்வொரு வங்கிலும் அளந்து, வங்கின் விளிம்பிலேயே பென்சிலால் பங்கு பிரித்துக் குறித்துவிடுங்கள். பலகையை இழைப்புளியால் அந்தக் குறிகளுக்கு ஏற்ப இழைத்தால் எல்லாப் பலகைகளும் ஒழுங்காக ஓடும். முனை அகலம் பாதிக்கும் கீழே போகக் கூடாது என்பது விதி. அப்படிப் போனால் இரண்டு பலகைகளை ஒன்றாக முடித்துச் சேர்க்க வேண்டும். அமரத்தில் சில கலங்களுக்கு நேர்மாறாக இடம் மிஞ்சும். அங்கே பலகையை இழுத்துப் பிடித்து மூடப் பார்க்காமல், ஆப்பு வடிவில் சிறு துண்டு செருகுவதே முறை. உண்மையான கலத்தில் ஓடாவி என்ன செய்திருக்கிறார் என்று பார்த்து அதையே பின்பற்றுங்கள்.

வளைப்பதற்கு, 1.5 மில்லிமீட்டர் கனமுள்ள பலகையை வெந்நீரில் ஊறவைத்து, சூடான இரும்புக் குழாய்மேல் மெதுவாக உருட்டி அழுத்துங்கள். ஆவி எழும்பி, பலகையின் எதிர்ப்பு சட்டென்று தளர்வதைக் கையே உணரும். அந்தக் கணத்தில் அழுத்தத்தைக் கூட்டாமல் அப்படியே பிடித்து ஆறவிடுங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டக் கூடாது. ஈரத்தில் உப்பிய பலகை காய்ந்ததும் குறுக்குவாட்டில் சுருங்கி, பலகைக்குப் பலகை இடைவெளி விடும். துணிக்குப் போடும் கிளிப்புகளால் வங்கில் கவ்வி, ஓர் இரவு காயவிட்டு, கழற்றிய பிறகு பெவிகால் தடவி ஒட்டுங்கள். அப்போது பலகை தன் வடிவத்திலேயே நிற்கும், கிளிப்புக்கு வேலையே இருக்காது.

ஒரு பக்கமே தொடர்ந்து ஒட்டிக்கொண்டு போக வேண்டாம். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி ஒட்டினால்தான் ஏரா முறுக்கிக்கொள்ளாமல் நேராக இருக்கும்.

மரஆணிக்கு மூங்கில்தான். சிம்பாகப் பிளந்து, இரும்புத் தகட்டில் பெரிய துளை முதல் சிறிய துளைவரை வரிசையாக இழுத்தால் கம்பிபோல் உருண்டு வரும்.

பதில்: தேவிபட்டினம் ஆசிரியை

உப்புக் காற்றைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். எங்கள் வீடும் கடலோரம்தான்.

காற்றோடு வரும் உப்புத் துகள் மாதிரியின்மேல் படியும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டை ஒட்டிப் போனதும் அந்த உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். பித்தளை ஆணியில் பச்சை பூப்பது அதனால்தான். ஆகவே கண்ணாடிப் பெட்டி அலங்காரத்துக்கு அல்ல, அவசியத்துக்கு. பலகை ஒட்டத் தொடங்கிய நாளிலிருந்தே, வேலை செய்யாத நேரத்தில் மாதிரியை ஒரு துணியால் அல்லது அட்டைப்பெட்டியால் மூடி வையுங்கள்.

மரம் நீளவாட்டில் அதிகம் மாறாது. இழைக்குக் குறுக்கேதான் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் வாங்கிய மரத்தை அப்போதே ஒட்டினால் சித்திரையில் பிளவு விடும். வேலை செய்யும் அறையிலேயே மரத்தைச் சில வாரங்கள் கிடத்திப் பழக்கிய பிறகு அறுங்கள். உடல் முடிந்ததும் வெளிப்புறம் மட்டும் மெருகு பூசினால் போதாது. உள்ளேயும் ஒரு பூச்சு கொடுத்தால்தான் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் ஈரம் வாங்கும், பலகை கோணாது. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த பாலிஷை மிக மெல்லியதாகப் பல முறை பூசுவது எனக்குப் பிடித்தது. பளபளப்பு வேண்டாம், மீன்பிடிக் கலம் பளபளக்காது.

பெட்டியின் அடித்தளத்தைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. சில வகை ஒட்டுப்பலகைகளும் அழுத்திய தூள்பலகைகளும் மெல்லிய அமில ஆவி விடும். மூடிய பெட்டிக்குள் அது ஈயத்தை வெள்ளைப் பொடியாக அரித்துவிடும். பழைய கப்பல் மாதிரிகளின் ஈய நங்கூரங்களும் பீரங்கிகளும் அருங்காட்சியகங்களில் இப்படிப் பொடிந்திருக்கின்றன. வத்தையின் நங்கூரத்துக்கு ஈயம் வேண்டாம். மரத்திலோ பித்தளையிலோ செய்யுங்கள். பெட்டியின் கால்களை நான்கு சிறு கிண்ணங்களில் நிறுத்திக் கறையானையும் தடுத்துக்கொள்ளுங்கள்.

கயிறுக்கு மீன்வலை நைலான் நூல் கைக்கு எளிதாகக் கிடைக்கும். ஆனால் அது மினுங்கும், முடிச்சும் நிற்காது. அளவுக் கணக்கு எளிது. உண்மைக் கயிற்றின் விட்டத்தை 24ஆல் வகுங்கள். 24 மில்லிமீட்டர் ஆலாத்துக் கயிறு உங்களுக்கு 1 மில்லிமீட்டர். பழைய ஐரோப்பியப் படங்களில் கயிற்றின் விட்டத்தைத் தராமல் சுற்றளவைத் தந்திருப்பார்கள். பிற்பாடு டிரிங்கோமலி எடுக்கும்போது 3.14ஆல் வகுத்த பிறகு அளவுக்குக் கொண்டுவர மறக்க வேண்டாம். பருத்தி நூலில் பிசிறு எழும். தேன்மெழுகில் இழுத்து, விரலால் உருவிவிட்டால் படிந்துவிடும். பருத்தியும் லினனும் மழைக்காலத்தில் ஈரம் வாங்கிக் குறுகி இறுகும், வெயிலில் தளரும். அதனால் பாய்மரத்தைப் பிடிக்கும் கயிறுகளை வீணைத் தந்தி போல முறுக்கேற்றிக் கட்டினால் மழைநாளில் பாய்மரம் வளைந்துவிடும். மட்டமாக நிற்கும் அளவுக்குக் கட்டினால் போதும். பாலியெஸ்டர் நூலில் இந்தத் தொல்லை குறைவு.

பாயைப் பற்றியும் ஒன்று. பழைய தோற்றம் வர வேண்டும் என்று துணியைத் தேயிலைச் சாற்றில் முக்கி எடுப்பது பலருடைய வழக்கம். தேயிலையின் அமிலம் காலப்போக்கில் இழையை நொய்ந்துபோகச் செய்யும். தண்ணீரில் வெகுவாகக் கலந்த அக்ரிலிக் பழுப்பு வண்ணத்தைத் தோயுங்கள்.

மீண்டும்: மண்டபம் வாசி

அம்மா, மிக்க நன்றி. இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பாயை விரித்துக் காட்டலாமா, பருமலோடு (பாயைக் கட்டித் தூக்கும் நீண்ட கழியோடு) சுருட்டிக் கட்டலாமா?

பதில்: ஓடாவி பேரன், கீழக்கரை

சுருட்டிக் கட்டுங்கள் என்பேன். 1:24 அளவில் எவ்வளவு மெல்லிய துணியும் உண்மைப் பாயைவிடத் தடித்துத்தான் தெரியும்; விரித்த பாய் உங்கள் பலகை வேலையையும் மறைத்துவிடும். கட்டுவதற்கு முன் துணியின் அகலத்தைப் பாதிக்கும் மேல் வெட்டிக் குறைத்துவிட்டால் சுருள் பருமனாக வராது.

பருமலை மட்டும் ஒற்றைக் குச்சியாகச் செய்துவிடாதீர்கள். முக்கோணப் பாயின் நீண்ட பருமலை இரண்டு மூங்கிலையோ மரத்தையோ ஒன்றின்மேல் ஒன்று ஏற்றிக் கயிற்றால் இறுக்கிச் சேர்ப்பது கடலில் உள்ள வழக்கம். நடுவில் தடித்து, இரண்டு முனைக்கும் மெலிந்து போகும். அந்தக் கட்டுகளின் இடைவெளியையும் சுற்றுகளின் எண்ணிக்கையையும், பருமல் இன்னும் மிச்சம் இருந்தால், வத்தை உரியவரிடம் கேட்டு அளந்துகொள்ளுங்கள். சமநிலைப் பலகையையும் ஒரு பக்கமாக நீட்டியே வையுங்கள். அதை எந்தக் கயிறு எங்கே பிடிக்கிறது என்பதை ஓட்டிப் பழகிய பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து காட்டினால்தான் சரியாகக் கட்ட முடியும். அளவுகளை எழுதி முடித்ததும் இங்கே பதிவிடுங்கள். ஏரா வெட்டுவதற்கு முன் வளைவுக் கோடுகளை நாங்களும் ஒருமுறை சரிபார்த்துத் தருகிறோம்.